செஞ்சியை எழுதும் ஸ்திராஸ்பூர்

மயிலம் முருகன் குன்றிலிருந்து மேற்கே போனால் செஞ்சிக் கோட்டை. கிழக்கே இறங்கினால் புதுச்சேரி. நாயக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆண்ட இந்த நிலத்தின் பழங்கதையை நாவலாக்கியவர், பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா. விழுப்புரம் மாவட்டத்துக் கொழுவாரிக்காரர்.

அந்நகரை ஒட்டிய ரைன் நதிக்கு அக்கரை ஜெர்மனி. 1871 முதல் 1918 வரை ஸ்திராஸ்பூரே ஜெர்மன் ஆட்சியில்தான் இருந்தது. ஆட்சி மாறி மாறி வந்த இரண்டு மண்ணையும் அறிந்தவர் வரலாற்று நாவலுக்கு வந்தது இயல்பே.

1735இல் மொரீஷியஸ் ஆளுநரான லபூர்தொனே, துறைமுகமும் கட்டடங்களும் எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். பாடப்புத்தகங்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் அந்தப் பிரெஞ்சுக்காலத் தமிழர் வாழ்வே 'நீலக்கடல்' நாவலின் களம். 'கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி' செஞ்சிக்குத் திரும்புகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த சேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, நகரின் செழிப்பை வியந்து எழுதியிருக்கிறார். இன்று கோட்டைக்கு வருவோர் காண்பது பெரும்பாலும் இடிபாடுகளையே. 'காஃப்காவின் நாய்க்குட்டி' எனத் தலைப்பிலேயே ஜெர்மன் மொழி எழுத்தாளரை அழைத்த நாவலும் இவருடையது.

மொழிபெயர்ப்பிலும் உழைப்பு பெரிது: மார்கெரித் துராஸின் 'காதலன்', லெ கிளேஸியோவின் 'குற்ற விசாரணை'.

1938 முதல் தமிழ் கற்பிக்கும் மயிலம் தமிழ்க் கல்லூரி, இந்த மண்ணைப் பேசும் இந்நாவல்களைப் பாடமாக வைக்க வேண்டும்.