மார்கழி விடுமுறையும் கோணமலைத் துறைமுகமும்

இலங்கைப் பாடசாலைகள் மூன்றாந் தவணையை முடித்துக்கொண்டு மார்கழி விடுமுறைக்காக மூடப்படும் நாட்களில், திருக்கோணமலையிலே வாடைக்காற்று முழு வலிமையோடு வீசிக்கொண்டிருக்கும். ஆண்டு மழையின் பெரும் பகுதியை இப் பட்டினம் ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே பெறுகின்றது. வெளிக்கடல் கொந்தளிக்கும். தென்னிலங்கையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்த மீனவர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருப்பர். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் உல்லாசப் பயணிகள் திரளாக வருவது கடல் அமைதியுறும் சித்திரைக்குப் பின்னரே. ஆகவே மார்கழி விடுமுறை என்பது பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்களின் விடுமுறையாகும்.

அவ் விடுமுறையை அவர்கள் எவ்வாறு கழிக்கின்றனர்? மழை ஓய்ந்த நாளொன்றில் சோற்றுப் பொதிகளைக் கட்டிக்கொண்டு கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்று, ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளிக்கின்றனர். திருவெம்பாவைக் காலத்தின் விடியற்காலையிலே கோணேசர் மலையேறுகின்றனர். திரும்பும் வழியில் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். நத்தார் நாட்களில் தேவாலயங்களிலே பாலன் குடில்களைப் பார்க்கின்றனர். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ளோர் மாலை வேளையில் கிண்ணியாப் பாலத்தின்மீது காற்று வாங்குகின்றனர். நகரத்தவர் கடற்கரையிலமர்ந்து கச்சான் சரையைப் பிரிக்கின்றனர். எளிய மக்களின் எளிய இன்பங்கள் இவை.

இவற்றிலே வரலாறு என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். மன்னர்களின் போர்களும் தேசாதிபதிகளின் ஆணைகளுமே வரலாறு என்று பழகிப்போன கண்ணுக்கு, ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கடற்கரையில் அமர்ந்திருக்கும் காட்சி பொருளற்றதாகவே தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. அக் குடும்பம் எந்தக் கரையில் அமரலாம், எந்த மலையில் ஏறலாம், எந்த வாயிலில் நின்று திரும்பிவிடவேண்டும் என்பதையெல்லாம் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி ஏந்தியவர்களே தீர்மானித்து வந்திருக்கின்றனர். இது வரலாறு அன்றி வேறென்ன?

இந்த வரலாற்றின் முதற் காரணம் அந்த வாடைக்காற்றே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. சென்னையின் முன்னே இருந்தது திறந்த கடல். ஐப்பசியில் புயல் எழுமுன் ஆங்கிலேயக் கடற்படை கண்டத்தைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. வங்கக் கடலை நோக்கியவாறு, எக்காற்றும் தீண்டாத ஆழமான உட்கடலை மலைகளுக்கு நடுவே வைத்திருந்தது திருக்கோணமலை. மாரியிலே இத் துறையைக் கையில் வைத்திருப்பவனே கோடையிலும் அக் கடலை ஆள்வான் என்பதை ஐரோப்பிய வல்லரசுகள் கண்டுகொண்டன. இன்று பிள்ளைகளுக்கு விடுமுறையாக வரும் அதே பருவந்தான் அன்று இவ்வூருக்கு அன்னியனை அழைத்துவந்தது.

முதலிற் போர்த்துக்கேயர் வந்தனர். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1622ஆம் ஆண்டளவில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்தான். கோயிற் கற்களே கோட்டைக் கற்களாயின. கோட்டை வாயிலிலே இரட்டைக் கயற் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் கொண்ட கற்களை இன்றும் காணலாம். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டிலோ ஓராண்டுக்குள் இரு முறை கொடி மாறியது. தை மாதத்தில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் பிடித்தான். ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் பறித்தான். பின்னர் உடன்படிக்கையின்படி ஒல்லாந்தரிடம் மீண்ட கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் கைப்பற்றினர். 1803இல் தம் அரசிளங்குமரன் ஒருவனின் பெயரால் அதற்குப் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். இத்தனை கைமாற்றங்களிலும் கரையோர மீனவனையோ தம்பலகாமத்து உழவனையோ எவரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

ஆங்கிலேயர் கையில் இத் துறைமுகம் பிற ஆசிய மக்களை அடக்கும் கருவியாகவும் அமைந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் பெயர்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து தங்கியது கடலுக்கப்பால் அனுப்பவிருந்த படையைத் திரட்டுவதற்காகவே. அவன் பெயர் தாங்கிய மாளிகை கோட்டைக்குள் இருக்கின்றது. நகரத்துப் பழைய மயானம் ஒன்றிலே, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியான கடற்படைத் தலைவர் சார்ல்ஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றிலே நோயுற்று மாண்டவர் அவர். நம் கரையின் காற்று பர்மிய உழவனின் மீதும் பீரங்கியாய்ப் பாய்ந்தது என்பதே இக் கல்லறை கூறும் செய்தி.

அந் நாட்களில் மக்கள் தம் மலைக்குச் செல்வதே படையினரின் இசைவைப் பொறுத்திருந்தது. கோயில் இல்லாத பாறையின் விளிம்பிலே நின்று, கீழே ஆழ்கடலை நோக்கித் தேங்காயும் பூவும் எறிந்து வழிபட்டனர். புறாத்தீவு படையினரின் சுடுபயிற்சிக் களமாய் விளங்கியது. சீனன்குடாவில் கடற்படைக்கென ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் காட்டிடையே எழுந்தன. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத் துறைமுகம் போரின் முன்னணிக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திலே, யாரோ மூட்டிய போரில் மாண்ட ஏறக்குறைய 300 இளைஞர் உறங்குகின்றனர்.

1948இல் நாடு விடுதலை பெற்றபோதும் இத் துறைமுகம் விடுதலை பெறவில்லை. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயக் கடற்படை இங்கேயே நிலைத்திருந்தது. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் கோரியதன் பின்னர் 1957இல்தான் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கோயிலின் மீட்சியும் இதே காலத்தில் நிகழ்ந்தது. 1950இல் கிணறு தோண்டியோர் புதையுண்ட திருமேனிகளைக் கண்டெடுத்தனர். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியிலே கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதே 1963இல் புறாத்தீவும் காப்பிடமாக அறிவிக்கப்பெற்று, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. சுடுபயிற்சிக் களம் பவளப் பாறைகளின் புகலிடமாக மாறியது சிறிய செய்தியன்று.

மலை மீண்டால் மட்டும் போதுமா? மலைக்குப் போக ஓய்வும் வேண்டுமல்லவா? விடுமுறை என்பது இயற்கை தந்த கொடையன்று. மனிதர் பெற்ற உரிமை. உழவனின் பிள்ளைக்கும் பள்ளி உண்டு, ஆகவே பள்ளி விடுமுறையும் உண்டு என்னும் நிலை 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தாலேயே நாடெங்கும் வேரூன்றியது. கடைச் சிப்பந்தியும் அலுவலக ஊழியனும் ஆண்டுக்கு 14 நாட்கள் சம்பளத்துடன் ஓய்வு பெறுவது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதியாயிற்று. பிரான்சிலே 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களுக்குப் பின்னரே தொழிலாளர் இரண்டு வாரச் சம்பள விடுமுறை பெற்று, பலர் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். இங்கிலாந்திலே 1932இல் மாஞ்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், நிலப்பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்துவைத்த கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். பிற்காலத்தில் அம் மலைநிலம் மக்களின் பூங்காவாயிற்று. உல்லாசப் பயணம் என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒன்றின் பின்னே சிறைவாசமும் இருக்கின்றது!

நம் கரையிலே அவ்வுரிமை இன்னும் முழுமை பெறவில்லை. வலை இழுப்பவருக்கும் நாட்கூலிக்கும் சம்பள விடுமுறை என்று ஒன்றில்லை. வாடைக்காலத்திலே கடல் மறுக்கும் நாட்கள் அவர்களுக்கு ஓய்வன்று, பட்டினி. பிள்ளைக்கு விடுமுறை, தந்தைக்கு வேலையின்மை என்பதே பல மீனவக் குடிசைகளின் மார்கழி.

இயற்கையும் ஒருமுறை அம் மாதத்தையே தெரிந்துகொண்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், பாடசாலை விடுமுறை, நத்தாரின் மறுநாள். பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் இருந்த அக் காலை வேளையிலே ஆழிப்பேரலை வந்தது. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியாவிலே மருத்துவமனையே அழிந்தது. மாண்டோரிற் குழந்தைகள் மிகப் பலர்.

அடுத்த மார்கழி விடுமுறை முடியும் தறுவாயில் நேர்ந்தது இயற்கையின் செயலன்று. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அண்மையிலுள்ள கடற்கரையிலே நண்பர்களாய்க் கூடியிருந்த மாணவர்களுள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒன்றே: மாலையில் கடலோரம் அமர்ந்திருந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் போதிய சான்றில்லை என 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். அகிம்சையைப் போதித்தவரின் சிலைக்கருகே சிந்திய குருதிக்கு எவரும் பொறுப்பாளியில்லை என்பதே நீதியின் இன்றைய விடை.

அதே 2006இல் சம்பூர் மக்கள் தம் ஊரைவிட்டு ஓடினர். அவர்கள் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் படிப்படியாக மீள முடிந்தது. ஏறக்குறைய பத்து மார்கழி விடுமுறைகளை அவ்வூர்ப் பிள்ளைகள் முகாம்களிலும் பிறர் வீடுகளிலும் கழித்தனர். அவ்வாண்டு ஆவணியிலே மூதூரைப் புலிகள் தாக்கியபோது முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய் நோக்கி ஓடினர். துப்பாக்கி எவர் கையிலிருந்தாலும் வீட்டையும் கரையையும் இழந்தவர் உழைக்கும் மக்களே.

2009இல் போர் முடிந்தது. அவ்வாண்டே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பாதை என்று நம்மவர் அழைத்த மிதவைக்காகக் காத்திருந்த துன்பம் தீர்ந்தது. மாலையில் அதன்மீது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் குடும்பமாய் நடப்பதைக் காண நெஞ்சு நிறைகின்றது. ஆயினும் கோணேசர் மலைக்கான வழி இன்றும் இராணுவம் தங்கியிருக்கும் கோட்டையினூடாகவே செல்கின்றது. மாபிள் கடற்கரையை விமானப் படையும், சோபர் தீவு விடுதியைக் கடற்படையும் நடத்துகின்றன. சீனன்குடாவின் எஞ்சிய 99 தாங்கிகள் 2022 சனவரி உடன்படிக்கையிலே பங்கிடப்பட்டன: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. கணக்கு மிகச் சரி. இத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களின் பங்கு மட்டும் அக் கணக்கிலே தென்படவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. அடுத்த விடுமுறையிலே பிள்ளைகளோடு கோட்டை வாயிலைக் கடப்போர், மான்களைக் காட்டுமுன் அந்த இரட்டைக் கயற் கல்லைக் காட்டட்டும். கல்லறைத் தோட்டத்திலே நின்று, இவ் இளைஞர் யாருக்காக மாண்டனர் என்று கேட்கட்டும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே பேருந்தில் ஏறி மூதூரிலிருந்து நிலாவெளிவரை செல்லட்டும். கரை யாருடையது என்னும் கேள்வி அப் பிள்ளைகளின் நாவில் எழுமாயின், எந்தப் பாடநூலும் தராத வரலாற்றை அவர்கள் கற்றவராவர். அக் கேள்விக்குரிய விடையை எழுதவேண்டியவர்களும் அவர்களே.