தகுதி வரம்பும் பொது விநியோகமும்: தமிழ்நாட்டின் இரு நலத்திட்டங்கள்

1997 ஜூனில் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என இரு கூறாக்கியது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணைந்த பின்னரும், அரிசி அட்டை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் விலையில்லா அரிசி தொடர்ந்தது.

பயனாளியைத் தேர்ந்தெடுப்பதில் இருவகைப் பிழைகள் உண்டு: வசதியுள்ளவர் உள்ளே வருவது, வறியவர் வெளியே நிற்பது. பொருளியலாளர்கள் கோர்னியாவும் ஸ்டூவர்ட்டும் 1990களில் வலியுறுத்தியதுபோல, முதற்பிழையைக் குறைக்கும் முயற்சி பெரும்பாலும் இரண்டாவதைப் பெருக்குகிறது. முதலாவதில் அரசுக்குப் பணம் நட்டம். இரண்டாவதில் ஒரு குடும்பத்துக்குச் சோறு நட்டம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் வசதியுள்ளோர் அரிசி அட்டைக்குப் பதிலாகச் சர்க்கரை அட்டையோ பொருளில்லா அட்டையோ தாமே கேட்டுப் பெறலாம். விலகுவது குடும்பத்தின் முடிவு. விலக்குவது அதிகாரியின் வேலையன்று. வாங்கப்படாத அரிசி கடத்தப்படுவது மெய்யான கேடுதான். அதற்கு மருந்து கிடங்கிலும் கடையிலும் கண்காணிப்பு, ஏழைகளைச் சலித்தெடுப்பதல்ல. மாத அரிசி உறுதியானால் கூலித் தொழிலாளி வேலையில்லா நாள்களில் முன்பணத்துக்காக எவரிடமும் கட்டுப்பட வேண்டியதில்லை. பொருளாதாரத்தில் எல்லோரையும் உள்ளடக்குவது அங்கேதான் தொடங்குகிறது.

இதே மாநிலம் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகையில் எதிர்வழியில் சென்றது. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ 1.63 கோடிப் பேர் விண்ணப்பிக்க, முதற்கட்டத்தில் 1.06 கோடிப் பேர் தேர்வாயினர். மேல்முறையீட்டில் சிலர் பின்னர் சேர்க்கப்பட்டனர்.

பெண்களின் ஊதியமற்ற வீட்டுழைப்புக்கு அங்கீகாரம் என்பது இத்திட்டத்தின் நோக்கம். அப்படியானால் குடும்பத்தின் சொத்தை அளப்பதில் என்ன பொருத்தம்? கணவன் பெயரிலுள்ள ஆறு ஏக்கர் நன்செய் மனைவியின் கையில் காசாக இருப்பதில்லை. ஒரே மின்இணைப்பில் மூன்று குடும்பங்கள் வாழும் வீட்டின் மின்கட்டணம் செல்வத்துக்குச் சான்றாகாது. உழைப்பவர் பெண், சோதிக்கப்படுவதோ வீடு.

செலவு என்ற மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. முதற்கட்டத்தில் விடுபட்ட 57 லட்சம் பேரையும் சேர்த்தால் ஆண்டுக்கு 6,840 கோடி ரூபாய் கூடுதலாகும். பெரிய தொகைதான். ஆகவே விலக்கு முழுதும் வேண்டாம் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. வருமான வரி செலுத்துவோர், அரசு ஊதியம் பெறுவோர் விவரங்கள் அரசு ஏடுகளிலேயே உள்ளன. அவற்றால் உறுதிப்படுவோரை மட்டும் விலக்கி, நிலம், மின்நுகர்வு ஆகிய வரம்புகளை நீக்கலாம். அப்போது மெய்ப்பிக்கும் சுமை, சான்றுகளைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக அலையும் பெண்ணிடமிருந்து அரசுக்கு மாறும்.