காயம் ஊருக்கும் உண்டு

என் மூத்தம்மா காலத்தில் பொத்துவிலில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால், முதலில் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீர், பிறகு கையில் நூல். அதற்கும் அடங்காவிட்டால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி. 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். 1926இல் திறந்த அந்த ஆஸ்பத்திரியின் பெயரே எங்கள் ஊரில் ஓர் ஏச்சு. போய்வந்தவரின் வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்குவார்கள் என்று பயந்தே, சிலரை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

இந்த நிலையை மாற்ற உழைத்தவர்களில் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்துக்கொண்டே, போர் நடந்த ஊர்களின் மனதை ஆராய்ந்தார். 'முறிந்த பனை' என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1993இல் தமிழில் 'மனவடு' எழுதினார். கம்போடியாவிலும் பணி செய்தார். தனி ஆளுக்கு மாத்திரையும் ஆலோசனையும் மட்டும் போதாது. போர் குடும்பத்தையும் அயலையும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கத்தையும் உடைத்துவிடுகிறது, அதையும் சேர்த்துத்தான் சுகப்படுத்த வேண்டும் என்று 2007இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிக்கு இந்துக்களிடம் ஜெபம், முஸ்லிம்களான எங்களிடம் திக்ர், கத்தோலிக்கரிடம் செபமாலை என்று அவரவர் வழக்கத்தையே எடுத்துக்கொண்டார். ஓதுவதை ஒரு மருத்துவப் பேராசிரியர் இவ்வளவு மதித்தது எனக்குப் பெரிய விஷயம்.

அதன் அருமை சுனாமிக்குப் பிறகுதான் புரிந்தது. 26.12.2004இல் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியூர்க் குழுக்கள் கேள்வித்தாள்களோடு கூடாரம் கூடாரமாக வந்தன. மொழிபெயர்க்க நானும் போனேன். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறதா என்று கேட்பார்கள். பெண்கள் நெஞ்செரிவையும் கை கால் உளைவையும் சொல்வார்கள். ஒரு தாய், "எனக்கு ஒண்டுமில்ல மகள். புள்ளட மையத்து கெடச்சா அடக்கிப்போட்டு இருப்பன்" என்றார். அந்தத் தாளில் அதை எழுத இடமே இல்லை.

காயத்ரி பெர்னாண்டோ என்ற உளவியல் ஆய்வாளர் இதைத்தான் கவனித்தார். இங்கே துயரம், உறவுகளில் தன் இடத்தையும் கடமையையும் இழப்பதாகவே உணரப்படுகிறது என்று கண்டு, இலங்கையருக்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினார். சிகிச்சை கிடைக்கும் இடமும் மாறத் தொடங்கியது. மட்டக்களப்பில் உளமருத்துவர் மகேசன் கணேசன் சுனாமிக்கு முன்பே சமூக மனநலச் சேவையை வளர்த்திருந்தார். சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் தேசிய மனநலக் கொள்கை 2005இல் வந்தது. பொத்துவிலுக்கு வரும் ஒவ்வோர் இளம் மருத்துவரும் பேராசிரியர் சோமசுந்தரத்தின் அந்த 2007 கட்டுரையைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.