முகையும் மலரும்

தமிழ்மொழியின்கண் மரஞ்செடிகொடிகளின் உறுப்புக்களைக் குறிக்கும் சொற்கள் பல. அவை மேனோக்கில் ஒருபொருளனபோலத் தோன்றினும், உண்மையில் வேறுவேறு உறுப்புக்களையும் நிலைகளையும் குறிப்பனவாம். அவ்வேறுபாட்டை இக்காலத்தார் பெரும்பாலும் மறந்தனர். அரும்பு, முகை, போது என்பனவெல்லாம் மொட்டே என்று கூறி அமைகின்றனர். இம்மறதியால் வரும் இழப்புச் சொல்லளவில் நில்லாது அருணூற்பொருளையும் மறைக்கின்றது. ஆதலின் இச்சொற்கள் வழிவழி எங்ஙனம் காக்கப்பட்டு வந்தன என்பதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தாம்.

இவ்வாராய்ச்சிக்கு முதற்கண் நிற்பது தொல்காப்பிய மரபியல். புறத்தே வயிரமுடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையனவற்றை மரம் என்றும் ஆசிரியர் பகுத்தார். பனை, தெங்கு, கமுகு, மூங்கில் என்பன எத்துணை உயர்ந்து வளரினும் புல்லெனவே படும். இக்காலத்துப் பயிர்நூலார் வித்திலை ஒன்றுடையன, இரண்டுடையன எனப் பகுக்கும் பகுப்பும் பெரும்பான்மை இதனோடு ஒத்து வருதல் வியக்கற்பாலது. அப்பகுப்பிற்கேற்ப உறுப்புப் பெயர்களையும் ஆசிரியர் வேறு பிரித்தார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்பன புல்லுக்குரியன. கோடு, சினை, தளிர், முறி, குழை, அரும்பு, நனை என்பன மரத்துக்குரியன. இம்மரபு இன்றும் முற்றும் அழிந்ததன்று. எழுத்தறியாத உழவனும் பனையோலை என்பானன்றிப் பனையிலை என்னான். வேப்பிலை என்பானன்றி வேப்போலை என்னான். நூல் கல்லாதார் நாவிலும் இலக்கணம் வாழ்தல் இதனாற் காண்க.

பூவைத் தாங்கி நிற்கும் தண்டின் பெயர்களும் இவ்வாறே பலவாயின. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, தாமரைக்கு நாளம், மூங்கிலுக்குக் கழை, பூவை நேரே பற்றி நிற்பது காம்பு, பெருமரத்தின் பருத்த கீழ்ப்பகுதி அடி. இவற்றுள் தாள், அடி என்னும் இரண்டும் திருவடிக்கும் பெயராயினமை நினைந்து மகிழ்தற்குரியது. மேலுள்ளனவற்றையெல்லாம் தாங்குவது எதுவோ அதனையே நம் முன்னோர் அப்பெயராற் சுட்டினர் போலும்.

இனிப் பூவின் பருவங்களை நோக்குவாம். தோன்றுநிலையில் நனை, அரும்பு, குவிந்து பருத்த நிலையில் முகை, மொட்டு, கட்டு நெகிழ்ந்து விரியத் தலைப்பட்டது போது, விரிந்தது மலர், நன்கு பரந்தது அலர், காம்பினின்றும் கழன்று வீழ்வது வீ, வாடிப் பழம்பூவாயது செம்மல். பிறப்பு முதல் இறுதி வரை ஒரு பூவின் வாழ்நாள் முழுவதையும் இச்சொற்கள் அளந்து காட்டுகின்றன.

அற்றேல், நிகண்டு நூலார் இவற்றுட் சிலவற்றை அரும்பின் பெயர் என ஒருங்கே தொகுத்தோதினரே. அவை ஒருபொருட் பன்மொழியாதலன்றோ முறை எனின், அன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மாணாக்கர் மனப்பாடஞ் செய்தற்பொருட்டு இனம்பற்றிப் பெயர்களைத் தொகுத்தன. தொகுத்தோதியதனானே வேறுபாடு இலதாகிவிடாது. திருவள்ளுவனார் பொழுதுகண்டிரங்கல் என்னும் 123ஆம் அதிகாரத்தில், காமநோய் வளருமாற்றைக் காலையில் அரும்பும் நிலை, பகலிற் போதாம் நிலை, மாலையில் மலரும் நிலை என முறைப்படுத்திக் காட்டினார். மூன்று சொல்லும் ஒருபொருளனவாயின் அக்குறள் வெற்றெனத் தொடுத்ததாய் முடியும்.

திருத்தொண்டர் புராணத்தில் இவ்வேறுபாடு இன்னும் சிறந்து விளங்குகின்றது. இரண்டாங் குலோத்துங்கன் (கி.பி. 1133 - 1150) காலத்து விளங்கிய சேக்கிழார் பெருமான், திருப்புகலூர் முருகநாயனார் வரலாற்றில் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகையையும் எடுத்தோதினார். அவ்வளவில் அமையாது, தண்டிற் கட்டப்படுவது கண்ணி என்றும், தாளிற் பிணைக்கப்படுவது பிணையல் என்றும் தொடுக்கும் வகையால் மாலைகளை வேறுபடுத்தினார். தண்டும் தாளும் ஒன்றென்பார்க்குக் கண்ணியும் பிணையலும் ஒன்றாகவே முடியும்.

எறிபத்த நாயனார் புராணத்தும் இத்தகைய நுட்பம் ஒன்றுண்டு. கருவூர் ஆனிலைப் பெருமானுக்குத் திருப்பள்ளித்தாமம் சாத்தும் சிவகாமியாண்டார், வைகறையில் நீராடி, வாயைத் துணியாற் கட்டி, நந்தவனம் புகுந்து, முகையானது அலரும் வேளையிற் பூக்கொய்தார் என்கின்றார் ஆசிரியர். இளமையில் ஒரு மடத்துப் பாடசாலையில் யாம் இப்பகுதியைப் பாடங்கேட்டபொழுது, முகை என்பதற்கு மொட்டு என்று பொருள் கூறி மேற்செல்ல முற்பட்டோம். ஆசிரியர் ஏட்டை மூடிவிட்டார். “நாளை விடியுமுன் நந்தவனத்துக்குப் போ, கண்ணாற் கண்டபின் பொருள் சொல்” என்றார். அவ்வாறே நாலைந்து மாணாக்கர் தாமரைக் குளக்கரையில் இருளிற் போய் அமர்ந்தோம். கீழ்வானம் வெளுக்கும்பொழுது கூம்பியிருந்த முகை ஒன்று நுனியிற் சிறிதே நெகிழ்ந்தது. அன்றே அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. முன்னே கொய்யின் அது முதிராத முகை. பின்னே கொய்யின் வண்டு தீண்டிய மலர். இரண்டற்கும் இடைப்பட்ட அச்சிறுபொழுதிற்காகவே அவ்வடியார் நாடோறும் காத்திருந்தார். அவருடைய அன்பின் அளவு முழுவதும் அவ்விரு சொற்களுக்கிடையே இருக்கின்றது. அத்தகைய மலரைப் பட்டத்து யானை பறித்துச் சிதறியபொழுது அவர் உற்ற துயரும், எறிபத்தர் கொண்ட வெகுளியும் எத்துணைப் பொருத்தமுடையன என்பது இந்நுட்பம் உணர்ந்தார்க்கே புலனாம்.

இவ்வழக்கு நிலைபெறும்பொருட்டுச் சோழர் காலத்து அரசரும் குடிகளும் திருநந்தவனங்களுக்கு நிலம் விட்டமையைக் கோயிற் கல்வெட்டுக்கள் பல அறிவிக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டினரும், தருமபுர ஆதீன முதற்குரவராகிய குருஞானசம்பந்தருக்கு ஞானாசிரியருமாகிய கமலை ஞானப்பிரகாசர், பூசைக்குரிய மலர்களின் முறைமை கூறுதற்கென்றே புட்பவிதி என்னும் நூல் இயற்றினார். இலக்கணமும் நிகண்டும் சொல்லைக் காத்தன. கோயிலும் நந்தவனமும் அச்சொல்லின் பொருளைக் காத்தன.

காவல் தளர்ந்தவழி நேர்வது யாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் (1855 - 1942) பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபொழுது, கிடைத்த ஏடுகளில் அப்பூப்பெயர்களுட் சில குறைந்திருந்தன. ஐயரவர்கள் மனம் வருந்திப் பலவிடத்தும் தேடி, இறுதியில் தருமபுர மடத்து ஏடுகளில் அக்குறை நிரம்பக் கண்டார்கள். பதிப்பு 1889இல் வெளிவந்தது. அவ்வேடு கிடைத்திராவிடின் கபிலர் தொடுத்த மாலையில் அம்மலர்கள் உதிர்ந்தன உதிர்ந்தனவாகவே ஒழிந்திருக்கும்.

அன்று ஏடு சிதைந்தமையாற் பெயர் மறைந்தது. இன்றோ ஏடு அச்சேறிப் பெயர் முழுதும் நம் கையிலுள்ளது. பெயரைக் கேட்டுப் பொருளைக் காட்டுவார் அரியராயினர். இக்காலத்து எழுதப்படும் அரும்பதவுரைகள் பலவற்றில் மலர்ப்பெயர் வரும் இடந்தோறும் ‘ஒருவகைப் பூ’ என்றே காண்கின்றோம். அது பொருளுரைத்ததாகாது, பொருள் போயிற்று என்று அறிவித்ததேயாகும். யாமும் முப்பதாண்டு ஆசிரியப்பணி செய்தகாலத்து அச்சொற்றொடரைப் பலகாற் சொல்லி மாணாக்கரைக் கடத்தியதுண்டு. எம்மாசிரியர் எமக்குக் காட்டிய குளக்கரையை யாம் எம் மாணாக்கருக்குக் காட்டிற்றிலேம். அக்குறை இம்முதுமையில் எம் நெஞ்சை வருத்துகின்றது.

ஆகலின், மடங்களிலும் கோயில்களிலும் உள்ள நந்தவனங்களைப் பேணுவோர், ஒவ்வொரு செடியின்கண்ணும் அதன் பழம்பெயரை எழுதி வைத்தல் வேண்டும். திருமுறை பயிற்றுவோர் திங்கட்கு ஒருநாளேனும் மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்று, நனை முதல் செம்மல் ஈறாகக் கண்முன் காட்டல் வேண்டும். இல்லந்தோறும் பூசை செய்யும் அன்பர்கள், கடையில் வாங்கும் மாலையோடு அமையாது, தம் கையாற் கொய்த ஒரு பூவேனும் இறைவனுக்குச் சாத்துவாராக. விடியற்காலையில் ஒரு முகையின் முன் சிறிது நேரம் காத்து நிற்பவர்க்கு, எம் போன்றார் பலநாள் உரைத்தும் விளங்காத பொருள் தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.