அப்ரைட் பியானோவில் டிரில்: விரல் தேர்வும் மூன்று காலப் பயிற்சியும்

பெங்களூரு கண்டோன்மென்டில் பிளேக் பரவிய பிறகு, காற்றும் வெளிச்சமும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுப்பப்பட்ட பகுதி பிரேசர் டவுன். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நெடுங்காலம் வாழ்ந்துவரும் இங்கே, வீட்டில் பியானோ இருந்தால் அது பெரும்பாலும் சுவரோரம் நிற்கும் அப்ரைட்தான். ஆனால் டிரிலுக்கு, அதாவது அடுத்தடுத்த இரு ஸ்வரங்களை மாறிமாறி வேகமாக வாசிப்பதற்கு, நாம் கற்றுத்தரும் விரல் பழக்கம் கிராண்ட் பியானோவை மனத்தில் வைத்தது. இந்தப் பொருத்தமின்மையைச் சோம்பல் என்றோ திறமைக்குறைவு என்றோ மாணவர் தலையில் கட்டுவது தவறு என்பதே என் வாதம்.

1821இல் பாரிஸின் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்புப் பொறியமைப்பால், கிராண்டில் கட்டை முழுதாக மேலேறும் முன்பே சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். வழக்கமான அப்ரைட்டில் அந்த வசதி இல்லை. கட்டை ஏறக்குறைய முழு உயரத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த ஒலி உறுதியாக வரும். அதற்காக அப்ரைட்டில் வேகமான டிரில் வாராது என்று முடிவுகட்டக் கூடாது. நொடிக்கு 10 ஸ்வரம் ஒலிக்கும் டிரிலில் ஒவ்வொரு கட்டைக்கும் விழுவது 5 அடிதான். வேகத்துக்கு அமைப்பு ஈடுகொடுக்கும். அரைகுறையாக எழும் விரலை மட்டும் அது மன்னிக்காது. மழைக்கால ஈரத்தில் கட்டைகளின் கம்பளித் துணி ஊதிக்கொண்டால் இன்னும் மோசம்.

அரைகுறையாக எழுவது பெரும்பாலும் மோதிர விரல். அதை உயர்த்தும் தசைநாண், புறங்கையில் பக்கத்து விரல்களின் நாண்களோடு இழைகளால் பிணைந்திருக்கிறது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தப் பிணைப்பு அறுந்துவிடாது. 1753இல் விசைப்பலகை வாசிப்பு பற்றி நூல் எழுதிய சி.பி.இ. பாக், எல்லா விரல்களுக்கும் டிரில் பழக்கச் சொன்னார். அவருடைய கிளாவிகார்டின் கட்டைகள் மிக இலேசானவை. அந்த அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்து மோதிர விரலிலும் சிறுவிரலிலும் (4-5) மணிக்கணக்காக அடிக்க வைப்பது மணிக்கட்டை இறுக்குமே தவிர டிரிலைத் தராது.

ஒரு சான்றை நெருங்கிப் பார்ப்போம். ஜே.எஸ். பாக்கின் டி மைனர் இன்வென்ஷனில் இடக்கைக்கு ஈ ஸ்வரத்தின் மேல் பல அளவுகள் நீளும் டிரில் உண்டு. இரண்டும் வெள்ளைக் கட்டைகள்: ஈ, எஃப். நடுவிரலை ஈ மீதும் பெருவிரலை எஃப் மீதும் வைத்து, ஆள்காட்டி விரலைச் சும்மா விட வேண்டும். விரல்களைத் தனித்தனியே தூக்காமல், முன்கை சாவி திருப்புவதுபோல இருபுறமும் சிறிதே சுழன்றால் ஒரு பக்கம் இறங்கும்போதே மறுபக்கம் தானாக எழும். அப்ரைட் கேட்பது இந்த முழு எழுச்சியைத்தான். ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் (2-1) வைத்தாலும் டிரில் வரும். ஆனால் விரல் இடைவெளி குறுகுவதால் சுழற்சிக்கு இடம் குறைகிறது.

பயிற்சி முறையில் நம் ஊருக்குக் கையில் உள்ள செல்வம் கர்நாடக இசையின் மூன்று காலம். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பெரின் 1716இல் சொன்னது, மெதுவாகத் தொடங்கி உணராமலே வேகம் கூட்டுவதை. வாசிப்பில் அது அழகு. பழகும்போது எந்த இடத்தில் சமம் குலைந்தது என்று காட்டாது. சரளி வரிசை பாடிய பிள்ளைக்குத் தாளத்தை மாற்றாமல் ஸ்வரத்தை இரட்டிப்பது பழகிய விஷயம். மெட்ரோனோமை 76இல் நிறுத்தி, தட்டுக்கு 2, பிறகு 4, பிறகு 8 ஸ்வரம் வாசிக்கட்டும். மூன்றாம் காலத்தில் நொடிக்குச் சுமார் 10 ஸ்வரம் வந்துவிடும். தடுமாறினால் முந்தைய காலத்துக்குத் திரும்பலாம். இன்வென்ஷனில் வலக்கையின் ஒவ்வொரு செமிக்வேவருக்கும் இரண்டு டிரில் ஸ்வரம் என்று கணக்குவைத்தால் இரு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

மேலை இசை, கர்நாடக இசை என்ற இரண்டு மரபும் ஒரே ஆளிடம் சேர்வது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. மைசூரு மன்னர் ஜயசாமராஜ உடையார் தேர்ந்த பியானோ கலைஞர். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசைத்தட்டுகளுக்குப் பொருளுதவி தந்தவர். 94 கிருதிகளும் இயற்றியவர்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: தேர்வுப் புத்தகத்தில் அச்சிட்ட விரல் எண்கள் ஆலோசனைகளே, கட்டளைகள் அல்ல. மாணவரின் வீட்டுப் பியானோவில் ஒருமுறை நீங்களே அந்த டிரிலை வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பென்சிலால் எண்ணை எழுதிக் கொடுங்கள்.