முதல் துப்பாக்கி

எம்.எஸ். படிக்க டெக்சஸ் வந்து 14 ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. அதற்கு முன்பு வந்திருந்தாலும் பயனில்லை. மாணவர் விசாவிலோ எச்1பி-யிலோ இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு, அலுவலகத்தில் நாங்கள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும் திருநெல்வேலிக்காரர், “ஞாயித்துக்கெழம ஒரு போட்டி இருக்கு தம்பி, சும்மா வந்து பாருங்க” என்றார்.

ஒலிம்பிக்ஸில் பார்ப்பது போல ஒருவர் அசையாமல் நின்று, ஒரு கையை நீட்டி, வட்டத்தைச் சுடுவார் என்று நினைத்துப் போனேன். இது வேறு. ‘பீப்’ ஒலி கேட்டதும் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டும். தடுப்புகளுக்கு இடையே ஓடி, ஒவ்வொரு அட்டை இலக்கையும் இரண்டு முறை சுட வேண்டும். ஓடும்போதே மேகசின் மாற்ற வேண்டும். இதற்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்தேன். பதினொரு கைத்துப்பாக்கிகள், எடை, விலை, கொள்ளும் தோட்டாக்கள், விசையின் கனம். இரண்டு வாரமாகியும் முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு நிரல் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாதபோது நாங்கள் அதன் பழைய மாற்றங்களைத் தோண்டிப் படிப்போம். இங்கேயும் அதையே செய்தேன்.

கதை 1950-களின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரியில் தொடங்குகிறது. மரைன் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த ஜெஃப் கூப்பர் அங்கே ‘லெதர்ஸ்லாப்’ என்ற போட்டியை நடத்தினார். கௌபாய் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலம். பலரும் படத்தில் பார்த்தது போலவே இடுப்பருகிலிருந்து ஒற்றைக் கையால் சுட்டார்கள். வேகமாகச் சுட்டார்கள், வேகமாகத் தவறவும் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறைக் காவலர் ஜாக் வீவர் மட்டும் இரு கைகளாலும் பிடித்து, கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறிபார்த்துச் சுட்டார். 1959-இல் வென்றவர் அவர்தான். கூப்பருக்குப் பிடித்தது 45 காலிபர் 1911. வீவர் கையில் இருந்ததோ ஆறே தோட்டா கொள்ளும் 38 காலிபர் ரிவால்வர். கூப்பர் அதற்காக முகம் சுளிக்கவில்லை. அந்த முறையை ‘வீவர் நிலை’ என்று எழுதி எழுதியே உலகெங்கும் பரப்பினார். எந்தத் துப்பாக்கி என்று முன்முடிவு செய்யாமல் போட்டியில் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் தொடக்கத்தில் இந்த விளையாட்டின் யோசனை.

1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி, ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பை உருவாக்கினார்கள். கூப்பர் முதல் தலைவர். அமைப்பின் குறிமொழி மூன்று லத்தீன் சொற்கள்: துல்லியம், ஆற்றல், வேகம். இந்த மூன்றையும் கணக்கில் கொண்டுவந்த விதம் அழகானது. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். இதற்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். துல்லியமும் வேகமும் இதில் அடங்கிவிட்டன. ஆற்றலுக்குத் தனிக் கணக்கு: தோட்டாவின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் அளந்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பது. 230 கிரெயின் தோட்டா 850 அடி வேகத்தில் போனால் 195. 124 கிரெயின் கொண்ட 9 மிமீ தோட்டா 1100 அடியில் போனால் 136. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ‘மேஜர்’, இல்லையென்றால் ‘மைனர்’. இலக்கின் நடுவில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. அடுத்த பகுதியில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்தில் 2, 1. கனமான உதைப்பைத் தாங்குகிறவருக்குச் சிறு சலுகை.

அளவுகோல் வந்தால் அதை வளைக்க ஆள் வராமல் இருப்பார்களா? மென்பொருளில் தினமும் பார்க்கிற கூத்து இது. 1980-களின் தொடக்கத்தில் ராப் லீதம், பிரையன் ஈனோஸ் போன்ற இளைஞர்கள் 38 சூப்பர் தோட்டாவைக் கையில் எடுத்தார்கள். சிறிய தோட்டாவை அதிக அழுத்தத்தில் வேகமாக அனுப்பினால் அதுவும் மேஜர்தான். சிறியதென்பதால் மேகசினில் கூடுதலாக அடங்கும். அந்த அதிக வாயுவை, குழல் முனையில் காம்பன்சேட்டர் என்ற துளையிட்ட உருளையைப் பொருத்தி மேல்நோக்கித் திருப்பினால், துப்பாக்கி துள்ளாமல் இருக்கும். உதைப்பைத் தாங்குவதற்கான சலுகையை உதைப்பே குறைந்த துப்பாக்கி வாங்கிக்கொண்டது! 1990 வாக்கில் சிவப்புப் புள்ளி தெரியும் மின்னணுக் குறிபார்ப்பானும் வந்தது. முன்னணிக்கு வர ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் நிலை.

ஏமாற்று வேலை என்று இதைத் தள்ள எனக்கு மனமில்லை. விதியை முழுதாகப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் புதிதாக வருகிறவருக்குக் கதவு மூடிக்கொண்டே போனது. அதனால் பிரிவுகள் பிறந்தன. எல்லா மாற்றங்களையும் அனுமதிப்பது ‘ஓபன்’. 1996-இல் பில் வில்சன், கென் ஹாக்கதார்ன் போன்றவர்கள் ஐடிபிஏ என்று தனி அமைப்பே கண்டார்கள். அதில் சாதாரணத் துப்பாக்கிக்கே முதலிடம். 2000-ஐ ஒட்டி அமெரிக்காவில் ‘புரொடக்‌ஷன்’ பிரிவு வந்தது. அதில் யார் எதைக் கொண்டு வந்தாலும் மைனர் கணக்குதான். ஆற்றல் கணக்கு அடிபட்டதும், மலிவான 9 மிமீ தோட்டா எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கிளாக்கும் சிஇசட்டும் இங்கே சரிசமமாக மோதின. 2010-களில் குறிபார்ப்பானோடு ‘கேரி ஆப்டிக்ஸ்’ பிரிவும் வந்தது.

ஆக, என் பதினொரு வரிசைகளும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறு விதிக்குச் சொன்ன பதில். முதலில் பிரிவைத் தேர்ந்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். புரொடக்‌ஷன் என்று வைத்துக்கொண்டேன். மிஞ்சியவை இரண்டு. சிஇசட் ஷேடோ 2 சுமார் 1.3 கிலோ, அந்த எடையே உதைப்பை விழுங்கும். ஆனால் விலை அதிகம், முதல் குண்டுக்கு விசையை நீளமாக, கனமாக இழுக்க வேண்டும், அடுத்தவற்றுக்கு லேசாக. கிளாக் 17 அதில் ஏறக்குறைய பாதி எடை. துள்ளும், ஆனால் விசை எப்போதும் ஒரே மாதிரி.

வாங்குவதற்கு முன் அண்ணாச்சியின் கிளாக்கை இரவல் வாங்கி ஒரு போட்டியில் இறங்கினேன். ஒரு கட்டத்தில் 12 இலக்குகள், 24 குண்டுகள். எனக்கு 98 புள்ளி, 41 விநாடி: 2.39. அதே பிரிவில் வென்றவருக்கு 112 புள்ளி, 16 விநாடி: 7.00. வீட்டில் கணக்குப் போட்டேன். உலகின் மிகச் சிறந்த துப்பாக்கி கொடுத்து, 24-உம் நடுவில் பட்டு 120 வாங்கியிருந்தாலும் 2.93தான். மீதி எங்கே போனது? மேகசினைத் தடவியது, அடுத்து எங்கே நிற்பது என்று முழித்தது, ஓடியிருக்க வேண்டிய இடத்தில் நடந்தது.

மனைவியின் கேள்வி ஸ்பிரெட்ஷீட்டில் இல்லை. “வீட்ல அஞ்சு வயசுக் கொழந்த இருக்கா. இத்தன வருஷம் இது இல்லாமதானே இருந்தோம்?” கிரிக்கெட் மட்டையைப் போலத்தான் இதுவும் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. துப்பாக்கிக்குச் செலவிடும் முன்பே பெட்டகத்துக்குச் செலவிட்டேன். தோட்டாக்கள் வேறு பூட்டில். பெட்டகம் பொருத்தி ஒரு மாதம் கழித்து அவள் சரி என்ற பிறகுதான் கிளாக் 17 வந்தது. மிச்சப் பணம் உறுதியான உறை, இடுப்புப் பட்டை, கூடுதல் மேகசின்கள், ஒரு நாள் பயிற்சி, தோட்டாக்கள் என்று போனது.

இப்போது போட்டி நடக்கும் இடத்தில் புதிதாக யாராவது வந்து “எது வாங்கலாம்?” என்று கேட்டால், “எந்தப் பிரிவு?” என்று திருப்பிக் கேட்கிறேன். தெரியாது என்றால், முதலில் என்னுடையதை இரவல் வாங்கிச் சுடச் சொல்கிறேன். போன மாதம் எனக்கு 31 விநாடி.