மருந்தை வென்ற அந்துப்பூச்சி

சந்தையில் முட்டைக்கோசு வாங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? கையில் எடுத்துக் கனம் பார்ப்பீர்கள். இலையில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பீர்கள். ஓட்டை விழுந்த காயை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பீர்கள். அந்தச் சிறு ஓட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. மனிதன் ஒரு சின்னஞ்சிறு பூச்சியோடு போரிட்டு, பலமுறை தோற்று, தோல்வியிலிருந்து பாடம் கற்ற வரலாறு அது.

பூச்சியைப் பாருங்கள்

அப்பூச்சியின் பெயர் வைரமுதுகு அந்துப்பூச்சி. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். இறக்கைகளை மடக்கி உட்காரும்போது முதுகின் மேல் வெளிர் நிறச் சாய்சதுரங்கள் வரிசையாகத் தெரியும். சீட்டுக்கட்டில் நாம் ‘டைமன்’ என்று சொல்லும் அதே வடிவம். பெயர் வந்த காரணம் இதுவே.

கேடு செய்வது அந்துப்பூச்சி அன்று. அதன் பச்சைநிறப் புழு. முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை ஒரே குடும்பத்துப் பயிர்கள். இவற்றில் கடுகுக்குக் காரம் தரும் வேதிப்பொருள்கள் உள்ளன. பல பூச்சிகளை அந்த நெடி விரட்டுகிறது. நமது அந்துப்பூச்சியையோ அதுவே விருந்துக்கு அழைக்கிறது! புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள்போல் எஞ்சி நிற்கும்.

மழைக்காலத்தில் துளிகள் சிறு புழுக்களை அடித்துக்கொண்டு போவதால் இதன் தொல்லை குறையும். வறண்ட மாதங்களில் பெருகும். குளிர்நாடுகளில் ஆண்டுக்குச் சில தலைமுறைகளே உண்டாகும். வெப்பநாடுகளிலோ இருபது தலைமுறைகளும் உண்டாகலாம். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இப்பூச்சி புதியதன்று. சென்னை மாகாணத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-இல் எழுதிய நூலிலேயே இதனைக் குறித்திருக்கிறார்.

லெம்பாங்கில் நடந்தது

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், பாண்டுங் நகருக்கு அருகே லெம்பாங் என்ற மலையூர் இருக்கிறது. எரிமலை மண், குளிர்ந்த காற்று. முட்டைக்கோசுக்கு ஏற்ற இடம்.

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் உழவர்கள் அதை வரவேற்றனர். லெம்பாங் உழவர்களும் தெளித்தனர். புழுக்கள் செத்து விழுந்தன. ஆனால் சில ஆண்டுகளே சென்றன. மருந்து பட்ட இலையிலேயே புழுக்கள் மேயத் தொடங்கின. லெம்பாங்கின் பூச்சிகள் டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டன என்ற செய்தி 1953-இல் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பயிர்ப்பூச்சிகளில் இவ்வாறு அறியப்பட்ட முதற் பூச்சிகளுள் இது ஒன்று.

இது எப்படி நடந்தது? மருந்து பூச்சிக்கு வலிமை ஊட்டவில்லை. இலட்சம் புழுக்களில் ஒரு சிலவற்றுக்கு நஞ்சைத் தாங்கும் பிறவிக்குணம் முன்பே இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அச்சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அவையே கூடி முட்டையிடுகின்றன. ஆண்டுக்கு இருபது தலைமுறை என்றால் விரைவில் தோட்டம் முழுவதும் அவற்றின் வாரிசுகளே! உழவர் என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார், நாளைக் குறைப்பார், பின்பு வேறு மருந்துக்கு மாறுவார். ஒவ்வொரு முறையும் செலவு ஏறும். பூச்சி மீண்டும் வெல்லும்.

கடல் கடந்த குளவி

இங்கிலாந்தில் இப்பூச்சிக்கு இயற்கை எதிரி ஒன்று உண்டு. டயடெக்மா என்னும் மெல்லிய சிறு குளவி அது. புழுவின் உடலுக்குள் தன் முட்டையைச் செலுத்திவிடும். குளவியின் குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். இதனை 1930-களில் நியூசிலாந்துக்குக் கொண்டு சென்றனர், பயன் கிடைத்தது. அங்கிருந்து 1950-களின் தொடக்கத்தில் ஜாவாவுக்கு வந்தது.

குளவி ஜாவாவில் நிலைத்தது. ஆனால் புழு குறையவில்லை. ஏன்? அந்துப்பூச்சியைக் கொல்ல முடியாத மருந்து குளவியை எளிதில் கொன்றது! உழவர் தம் கூலியில்லா வேலையாளைத் தாமே நஞ்சிட்டுக் கொண்டிருந்தார். தெளிப்பைக் குறைத்து, குளவிக்குக் கேடு செய்யாத மருந்தைப் பயன்படுத்திய பிறகே அதன் உழைப்பு வெளியில் தெரிந்தது. பின்னர் மலேசியாவின் கேமரன் மலை, தைவான் மலைப்பகுதி ஆகியவற்றுக்கும் இக்குளவி சென்றது. இது குளிர்ந்த மலைக்கு உரியது. சமவெளியின் வெப்பம் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

குளவிக்குக் கேடு செய்யாத மருந்து என்றோமே, அது எது? ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் பாக்டீரியா. ஜப்பானியரான இஷிவாட்டா 1901-இல் நோயுற்ற பட்டுப்புழுவில் இதனைக் கண்டார். இதன் புரதம் புழுவின் குடலைச் சிதைக்கும். குளவியை ஒன்றும் செய்யாது. இதற்கு எதிராகப் பூச்சி தலைதூக்காது என்று பலர் நம்பினர். அந்த நம்பிக்கையும் பொய்த்தது. ஹவாய்த் தீவுகளில் இதனை அடிக்கடி தெளித்த தோட்டங்களில், பூச்சி இதனையும் தாங்கத் தொடங்கிவிட்டதை 1990-இல் டபாஷ்னிக் குழுவினர் எடுத்துக்காட்டினர். வயலில் இப்பாக்டீரியா மருந்தை வென்ற முதல் பூச்சி நமது அந்துப்பூச்சியே. நல்ல மருந்தானாலும் அதை மட்டுமே நம்பினால் இதுதான் முடிவு.

கடுகுவரிசை

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சீனிவாசனும் கிருஷ்ணமூர்த்தியும் வேறு வழியில் சிந்தித்தனர். அந்துப்பூச்சிக்கு முட்டைக்கோசைவிடக் கடுகின்மேல் ஆசை அதிகம். அந்த ஆசையையே பொறியாக்கினர். 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒன்றை முட்டைக்கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றொன்றை நட்ட 25-ஆம் நாளிலும் விதைக்க வேண்டும். எப்போதும் இளங்கடுகு நிற்பதற்காகவே இந்த ஏற்பாடு. பூச்சிகள் கடுகில் குவிய, அந்த வரிசையில் மட்டும் அவற்றை அழித்தால் போதும். இம்முறை 1991-இல் வெளியிடப்பட்டது. ஒன்றை மறக்கக்கூடாது: கடுகைக் கவனியாமல் விட்டால் பொறியே பூச்சிக்குத் தொட்டிலாகிவிடும்.

நமக்குரிய பாடம்

இவ்வளவுக்குப் பிறகும் பூச்சி அழிந்துவிடவில்லை. 2012-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, உலகம் இதன்பொருட்டு இழப்பதும் செலவிடுவதுமாக ஆண்டுக்கு 400 முதல் 500 கோடி டாலர். ஆனால் கேள்வி மாறிவிட்டது. ‘எந்த மருந்து கொல்லும்?’ என்பது பழைய கேள்வி. ‘எத்தனை புழு இருந்தால் பயிர் தாங்கும்? எந்தப் பருவத்தில் பெருகும்? எந்த எதிரியைக் காப்பாற்ற வேண்டும்?’ என்பன புதிய கேள்விகள்.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, வாசகரே! ஓட்டையில்லாத இலையே வேண்டும் என்று சந்தை கேட்கும்வரை, உழவர் அஞ்சி அஞ்சித் தெளித்துக்கொண்டே இருப்பார். அடுத்தமுறை வெளியிலையில் ஒரு சிறு ஓட்டையைக் கண்டால் காயை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த இலையை உரித்துப் போட்டுவிட்டு, உள்ளிருப்பதைச் சமையுங்கள்.